எழுத்துப் போடாத மூலை

எங்கள் அலுவலகத்தில் அண்ணிக்கு எல்லையம்மா என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். வீட்டில் அவர் என் அண்ணனின் மனைவி. அலுவலகத்தில் அவர் மாடியில், நான் கீழே. நில அளவை அலுவலகம் என்றால் அப்படித்தான். வெயிலில் அலைந்து அளந்துவிட்டு வருகிற எங்களுக்குத் தரைத்தளம். நாங்கள் கொண்டுவந்த அளவுகளை வைத்துக் கோணமும் பரப்பும் கண்டுபிடிக்கிற கணக்குப் பிரிவுக்கு முதல் மாடி. செருப்பில் சேறு இருந்தால் மாடிப்படி ஏறக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. எங்கள் செருப்பில் சேறு இல்லாத நாளே கிடையாது என்பதால் படிக்குக் கீழே நின்றுதான் கத்துவோம்.

அண்ணி கல்லூரியில் கணிதம் படித்தவர். படித்ததைப் பிழைப்புக்கு அவரளவுக்கு உருப்படியாகப் பயன்படுத்திய வேறொருவரை நான் பார்த்ததில்லை. முக்கோணத்தின் பக்கங்கள் தெரியும், கோணம் தெரியாது. பக்கங்களின் விகிதத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து கோணத்தைப் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். எனக்குப் பரீட்சையோடு மறந்துபோன அந்த விஷயம் அண்ணிக்குத் தினசரிச் சோறு.

அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. அவரே எழுதி வைத்தது. ஒவ்வொரு சார்புக்கும் உள்ளே எதைப் போடலாம், வெளியே என்ன வரும் என்று மூன்றே வரி. புத்தகத்தில் முன்னதைச் சார்பகம் என்பார்கள், பின்னதை வீச்சகம் என்பார்கள். அண்ணி இரண்டையுமே எல்லை என்றுதான் சொல்வார். சைனின் நேர்மாறுக்கு உள்ளே போகிற எண் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரைதான். வெளியே வருகிற கோணம் மைனஸ் தொண்ணூறிலிருந்து தொண்ணூறு பாகை வரைதான். கொசைனுக்கும் உள்ளே அதே எல்லை; ஆனால் வெளியே பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது வரை. டேன்ஜென்டுக்கு உள்ளே எந்த எண்ணையும் போடலாம். வெளியே வருவது மட்டும் மைனஸ் தொண்ணூறுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே நிற்கும், இரண்டையும் தொடாது.

எங்கள் தலைமை எழுத்தரை டேன்ஜென்ட் என்று அண்ணிதான் முதலில் சொன்னார். யார் எந்த மனுவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், முடிவை நெருங்கி நெருங்கிப் போவார், கடைசிவரை தொடமாட்டார். அந்தக் கேலி பத்தே நிமிஷத்தில் படியிறங்கிக் கீழே வந்துவிட்டது. பாவம், அவருக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. தன்னை ஏதோ உயர்ந்த கணிதத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓய்வு பெறும்வரை சந்தோஷமாகவே இருந்தார்.

எங்களில் ஒருவனுக்கு நெட்டை என்று பெயர். ஒருமுறை அவன் களத்தில் எழுதி வந்த அளவுப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது சைன் மதிப்பு 1.04 என்று வந்தது. கால்குலேட்டர் எண்ணுக்குப் பதிலாகப் பிழை என்று காட்டியது. பிரிவில் இருந்தவர்கள் பேட்டரி போய்விட்டது என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி, படியருகே வந்து நின்று நெட்டையைக் கூப்பிட்டார். எந்தக் கோணத்தின் சைனும் ஒன்றைத் தாண்டாது, தாண்டினால் அப்படி ஒரு நிலம் உலகத்தில் இல்லை, இல்லாத நிலத்தை எந்த வெயிலில் போய் அளந்தாய் என்று கேட்டார்.  பிறகுதான் ஒப்புக்கொண்டான், பாதியை டேப்பில் அளந்துவிட்டு மீதியைக் காலடி வைத்து எண்ணினானாம். இந்த அலுவலகத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள் அந்தக் கால்குலேட்டர்தான் என்று அண்ணி சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் நான் எல்லையம்மா என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு வந்து அதை அண்ணனிடம் சொன்னபோது அண்ணிக்கு ஒரே பெருமை.

அண்ணன் ரேடியோ பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு. வீட்டில் சாமான் வாங்கி வந்தீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'தான். அண்ணி என்னைப் பார்த்துச் சொல்வார்: "உங்க அண்ணன்கிட்ட எதை உள்ள போட்டாலும் ஒரே பதில்தான் வெளிய வரும் தம்பி." அண்ணன் அதற்கும் 'ம்' என்பார். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்த அந்த ஆறேழு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் சிரித்த காலம். 

காலையில் நானும் அண்ணியும் சேர்ந்தே அலுவலகத்துக்கு நடப்போம். இருபது நிமிஷ நடை. அவர் கைப்பையில் இரண்டு சாப்பாட்டு டப்பா இருக்கும். அந்த இருபது நிமிஷமும் கேள்விதான். அண்ணி ஒருநாளும் களத்துக்கு வந்ததில்லை. மாடி அறைக்கு வந்து சேரும் புத்தகங்களில்தான் நிலத்தைப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு எல்லைக்கல்லும் எண்ணோடு அவருக்கு மனப்பாடம். அந்தப் பதினேழாம் கல் பக்கத்தில் மரம் ஏதாவது நிற்கிறதா, இருபத்திரண்டாம் கல்லிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியுமா என்று கேட்பார். மரம் என்றால் என்ன மரம் என்பார். எனக்கு மரத்தின் பெயர் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் அதை நம்பிக்கொண்டு நடப்பார்.

கோணத்தைப் பற்றி அவர் வைத்திருந்த கண்டிப்பான ஒரு சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. களத்தில் எல்லாக் கோணத்தையும் கருவி வைத்துப் பார்க்க முடியாது. சில மூலைகளைப் பக்கங்களை வைத்துக் கணக்கில்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட மூலை ஒவ்வொன்றிலும், கண்ணால் பார்த்து, செங்கோணத்தைவிடக் குறுகலாக இருந்தால் 'கு' என்றும், விரிந்திருந்தால் 'வி' என்றும் புத்தகத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். போடாத புத்தகம் மாடியிலிருந்து பறந்து வரும். உண்மையாகவே பறந்து வரும். மாடிப்படியின் வளைவிலிருந்து அண்ணி வீசுவார், கீழே நாங்கள் பிடித்துக்கொள்வோம்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சிடுசிடுத்தேன். எண்ணைத் தட்டினால் கோணம் வந்துவிடப் போகிறது, நடுவில் எங்கள் கண் எதற்கு என்றேன். அண்ணி ஜன்னல் வழியாக சைக்கிள் கொட்டகையின் கூரையைக் காட்டினார். மேடும் பள்ளமுமாக அலையலையாய் வளைந்த தகரக் கூரை. அதில் ஓர் உயரத்தைச் சொல்லி, அந்த உயரம் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார். ஒவ்வொரு அலையிலும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, நூறு இடம் சொல்லலாமே என்றேன். அதுதான் வம்பு என்றார். நூறு பதில் சொல்கிற ஆளிடம் எதையும் கேட்க முடியாது. அதனால் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த மேடு வரை ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, பதிலை இதற்குள் மட்டும் சொல் என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டில் ஒவ்வொரு உயரமும் ஒரே ஒரு தடவைதான் வரும். அதுதான் சைன் நேர்மாறின் வீச்சகம், தொண்ணூறோடு முடிந்துவிடும். முக்கோணத்தின் மூலை தொண்ணூறுக்கு மேல் விரிந்திருந்தால் அந்தத் துண்டில் அது இல்லவே இல்லை. கால்குலேட்டர் அதன் ஜோடியைத்தான் சொல்லும். நூற்றைந்துக்கும் சைன் அதேதான், எழுபத்தைந்துக்கும் அதேதான்; கேட்டால் எழுபத்தைந்து என்றுதான் வரும்.

"அதுக்குப் பாதிதான் தெரியும் தம்பி. மீதியை நீதான் பார்த்துட்டு வந்து சொல்லணும்" என்றார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் நடந்ததற்குத் தெரியாது என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆற்றுப்பாலம் போகிற சாலையை அகலப்படுத்த முடிவு செய்தார்கள். வளைவில் இருந்த நிலங்களை அளக்க என்னை அனுப்பினார்கள். அப்போது நான் தற்காலிக ஊழியன். மூன்று வருஷம் ஓடி, நிரந்தரம் செய்கிற பட்டியலில் என் பெயர் ஏறியிருந்தது. இரண்டு மாதத்தில் உத்தரவு வரும். பட்டியலில் இருக்கிறவன் மேல் ஒரு பிழைக் குறிப்பு விழுந்தால் போதும், பெயரை அடித்துவிட்டு அடுத்தவனை ஏற்றிவிடுவார்கள். அடுத்தவன் நெட்டை.

வளைவின் உட்புறத்தில் ஒரு தையல்கார அம்மாளின் வீடு இருந்தது. முன்னறையில் இரண்டு தையல் எந்திரம், பின்னால் குடியிருப்பு. கணவர் இல்லை. அவருடைய மனையின் முன்மூலைக் கல்லுக்கு நான் நேராக டேப் பிடிக்க முடியவில்லை. சாலை வேலைக்கென்று ஒரு லாரி ஜல்லியைச் சரியாக அந்தக் கோட்டின் மேல் கொட்டி வைத்திருந்தார்கள். மற்ற இரண்டு பக்கத்தை அளந்தேன், தூரத்துக் கல்லில் கருவி வைத்து ஒரு கோணம் பார்த்தேன். முன்மூலையைக் கணக்கில் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எழுத்துகளையெல்லாம் திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார்ந்து போட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது. அந்த ஒரு மூலைக்குப் போடாமல் தூங்கிப்போனேன்.

புத்தகம் மாடிக்குப் போனது. பறந்து வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, சாலைத் துறை ஆட்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வரைபடத்தின்படி மனையின் மூலை ஆறு மீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. தையல் எந்திரங்கள் இருந்த முன்னறை முழுவதும், பின்னறையில் கொஞ்சமும் சாலை நிலத்தில் கிடந்தன. திங்கட்கிழமை இடிக்கிற எந்திரம் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அழவில்லை, சண்டை போடவில்லை. தலைமை எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு பார்க்கிறோம் என்றார். அந்த அம்மாள் நகரவில்லை. "என் வீடு இருக்கற இடத்துல என் வீடு இல்லைன்னு உங்க பேப்பர் சொல்லுது. நான் எங்க இருக்கேன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாடியில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

அண்ணி கீழே இறங்கி வந்து அந்த அம்மாளை உட்கார வைத்து, மனை எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு மேலே போனார். அரைமணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மேசையில் என் புத்தகம் விரிந்திருந்தது. அந்த மூலையின் மேல் விரலை வைத்திருந்தார். எல்லா மூலையிலும் எழுத்து இருந்தது, அதில் மட்டும் வெறுமை. 

"கணக்குல எழுபத்தஞ்சு வந்துச்சு. நான் அப்படியே எழுதிட்டேன்" என்றார். விரலை எடுத்துப் புத்தகத்தை மூடினார். "வேற யார் புத்தகமா இருந்தாலும் தூக்கி எறிஞ்சிருப்பேன். உன்னோடதுன்னு பார்க்காம விட்டுட்டேன் தம்பி."

மறுநாள் சனிக்கிழமை காலையில் என்னோடு களத்துக்கு வந்தார். அவர் வந்த முதலும் கடைசியுமான களம் அது. ஜல்லியைப் பரப்பி முடித்திருந்தார்கள், கோடு காலியாகக் கிடந்தது. அளப்பதற்கே அவசியம் இருக்கவில்லை. அண்ணி என் புத்தகத்தை வாங்கி அதன் சதுர மூலையைக் கல்லின் மேல் வைத்து, ஒரு விளிம்பை ஒரு பக்கக் கோட்டோடு பொருத்தினார். மற்றக் கோடு புத்தகத்தின் விளிம்பைத் தாண்டி நன்றாக வெளியே போனது. செங்கோணத்தைவிட விரிந்த மூலை. குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். டேப்பைப் பிடித்தோம்; கணக்கில் பதினேழு மீட்டர் சொன்ன பக்கம் பதினொன்றுகூட இல்லை. மூலை நூற்றைந்து பாகைதான், வீடு வீட்டு மனையில்தான் இருந்தது. அந்த அம்மாள் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கல்லருகில் நின்ற மரத்தைத் தொட்டுப் பார்த்தார். இதற்கு நீ வேறு பெயர் சொன்னாயே என்று மட்டும் கேட்டார்.

அலுவலகம் அரைநாள் முடிந்து காலியாக இருந்தது. கணக்குப் பிரிவில் நாங்கள் இருவர்தான். பிழைத் திருத்தக் குறிப்பு என்று ஒரு படிவம் உண்டு. அதைச் சாலைத் துறைப் பொறியாளர் கையில் கொடுத்தால்தான் திங்கட்கிழமை எந்திரம் நிற்கும். அதில் கீழே இரண்டு வரி. களத்தில் அளந்தவர், கணக்கைச் சரிபார்த்தவர். தன் தப்பை அவரவர் கைப்பட எழுதிக் கையொப்பம் போட வேண்டும். அண்ணி தன் வரியை எழுதினார்: குறி இல்லாத மூலையைத் திருப்பி அனுப்பாமல், சைன் நேர்மாறுக்குக் கால்குலேட்டர் சொன்ன முதன்மை மதிப்பையே கோணமாக எடுத்துக்கொண்டேன். கையொப்பம் போட்டார். படிவத்தை என் பக்கம் திருப்பி, மேலே பேனாவை வைத்தார்.

கால்குலேட்டர் பழுது என்று எழுதிவிடலாமே என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"அது சரியாத்தான் சொல்லுச்சு. அதோட எல்லைக்குள்ள நின்னு சொல்லுச்சு" என்றார்.

நான் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நெட்டையைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருஷ வெயிலைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? மாடிப் பிரிவின் தலைமைக்கு அடுத்த மாதம் அவர் பெயரைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பதும், அந்தப் படிவத்தோடு அது போய்விடும் என்பதும் எனக்கும்தான் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"உன் வரியை நான் எழுதமாட்டேன். எழுதுன்னு சொல்லவும் மாட்டேன்" என்றார் அண்ணி.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கீழே வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். எங்கே போனேன் என்று இன்றைக்கு நினைவில்லை. தெருத்தெருவாக நடந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பொறியாளர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டேன், எந்திரம் வராது என்றார். என் வரி என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அது காலியாகவே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குறியில்லாத புத்தகத்தை ஏற்றுக்கொண்டால் முழுப் பொறுப்பும் சரிபார்த்தவருடையது என்று விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக நான் வெளியே வந்துவிட்டேன்.

வீடு நின்றது. சாலை அதைச் சுற்றிக்கொண்டு போனது. அண்ணியைத் தரைத்தளத்துக்கும் கீழே, பழைய ஆவணங்கள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேசைக் கண்ணாடியும் அதன் அடியில் இருந்த தாளும் மாடியிலேயே தங்கிவிட்டன. நான் அண்ணியோடு சேர்ந்து நடப்பதை நிறுத்தினேன். சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி முன்னால் கிளம்பிவிடுவேன். தப்புச் செய்தவன் நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நான். என் சாப்பாட்டு டப்பா மட்டும் தவறாமல் பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்துவிடும்.

நிரந்தர உத்தரவு வாங்கப் போவதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் தையல்கார அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டையை என்னிடம் நீட்டினார். வெளிர்நீலம், நல்ல துணி. நீங்கள் திரும்பி வந்து அளந்ததால்தான் என் வீடு நிற்கிறது சார் என்றார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி பக்கத்தில் நின்றார். அது நான் இல்லை, இவர்தான் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் பரவாயில்லைம்மா, என் கடமை என்றேன்.  போட்டுப் பார் தம்பி என்றார் அண்ணி. உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். தோளும் கையும் கழுத்தும் அச்சாகப் பொருந்தின. அந்தச் சட்டையோடுதான் உத்தரவை வாங்கினேன். எல்லாரும் கை குலுக்கினார்கள்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அண்ணி அந்த ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் மாடிப் பிரிவுக்கே தலைவனாகி ஓய்வு பெற்றேன். எங்களுக்குள் பேச்சு திரும்பி வந்தது, சிரிப்பும் வந்தது, அண்ணன் போனபிறகு அண்ணி எங்களோடுதான் இருந்தார். என் மனைவி அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நான் எடுக்க நினைக்காத நாள் இல்லை, எடுத்ததும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் அண்ணி இறந்துபோனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அந்தத் தையல்கார அம்மாளும் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் குறைந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனிமேலும் தள்ளிப்போட ஆள் இல்லை. உங்கள் வீடு நின்றதற்குக் காரணம் நான் இல்லை, அண்ணிதான், தப்பே என்னுடையதுதான், அந்தச் சட்டைக்கு நான் லாயக்கில்லாதவன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். 

அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். அன்னைக்கு வாசல்ல நின்னு நான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். அக்காவுக்குத்தான் ஏதாவது தைச்சுக் குடுக்கணும்னு போய்க் கேட்டேன். எனக்கு வேண்டாம், தம்பிக்கு ஒரு சட்டை தைங்கன்னாங்க. அளவுக்கு உங்க பழைய சட்டை ஒண்ணை அவங்கதான் கொண்டுவந்து குடுத்தாங்க. ஒரு மாசமா தலையைக் குனிஞ்சுக்கிட்டே திரியறான், உத்தரவு வாங்கற அன்னைக்காவது நிமிர்ந்து நிக்கட்டும்னாங்க."

பேத்தியின் கையைப் பிடித்தபடி, "உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னதும் அவங்கதான்" என்றார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, வயசுக்கு வெட்கப்படாமல் அழுதேன். அண்ணிக்கு என்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. என் வரியை நானே எழுத வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. எழுதியிருந்தால் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தற்காலிகமாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். அவரோடு சேர்ந்து நடந்து போயிருப்பேன்.